பூதத்தைக் குளிப்பாட்டியவர்

கனடாவில், ரொறன்ரோப் பக்கத்து மோர்னிங்சைட்டில் தமிழ்க் குழந்தைகளுக்காக எழுதுகிறவர் யார் என்று கேட்டால், எல்லோரும் ஸ்ரீஸ்கந்தராசாவைத்தான் காட்டுவார்கள். குழந்தைகள் அவரை வாசித்தார்களா என்று யாரும் கேட்டதில்லை. அதிகாலையில் எழும்புவது, பல் விளக்குவது, பெரியோர் முன்னால் வாய் பொத்தி நிற்பது என்று ஒவ்வொரு நல்ல பழக்கத்துக்கும் அவர் ஒரு புத்தகம் போட்டிருந்தார். அவற்றின் பிரதிகள் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாக இருந்தன. கட்டிலின் நாலு காலும் ஒரே நாளில் முறிந்தாலும் கட்டில் விழுந்திருக்காது.

பகலில் அவர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை செய்தார். இயந்திரப் பட்டியில் ஓடி வரும் உருப்படியில் எங்காவது பிசிறு இருந்தால் எடுத்து அப்பால் போடவேண்டும். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். அதே கண்ணோடுதான் வீட்டுக்கு வந்து பிள்ளைகளையும் பார்த்தார், கதைகளையும் பார்த்தார்.

மோர்னிங்சைட் தமிழ்ச் சிறுவர் இலக்கியப் பேரவைக்கு அவர் தலைவர். மனைவி ரதி செயலாளர். அவர் சொல்வதையெல்லாம் கணினியில் தட்டுகிறவள் என்று அதற்குப் பொருள். ஆலோசகர் அமிர்தநாதர். அவர் ஊரில் கல்விக் கந்தோரில் பெரிய பதவியில் இருந்தவர், இங்கே மைக் இருக்கும் இடமெல்லாம் இருப்பவர். பேரவைக்கு இதற்கு மேல் உறுப்பினர்கள் தேவைப்படவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஸ்காபரோ நூலகம் ஒன்றில் பல மொழிகளின் சிறுவர் புத்தக நாள் என்று ஒன்று வைத்தார்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மேசை. தமிழ் மேசைக்குப் பக்கத்தில் எஸ்தோனிய மேசை வந்தது. அங்கே சிவப்புக் கோடு போட்ட பாவாடை கட்டிய ஒரு கிழவி, மடியில் தந்திகள் பூட்டிய ஒரு பலகையை வைத்து மீட்டிக்கொண்டிருந்தார். பெயர் லைனே. எஸ்தோனியா சோவியத்தின் பிடியில் இருந்த காலத்தில் அங்கே பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் எழுதியவர். எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோவிலிருந்த தமக்கையிடம் வந்து சேர்ந்து, இப்போது எஸ்தோனிய முதியவர்களின் பாடற்குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்.

அரை மணித்தியாலத்துக்குள் நூலகத்தில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் அந்த மேசையைச் சுற்றி நின்றார்கள். லைனே ஆங்கிலத்தில் கதை சொன்னார். சேற்றில் வாழும் பூதம் ஒன்று. பெயர் பொரி. அவர்களுடைய மொழியில் பொரி என்றால் சேறு. குளி என்று யார் சொன்னாலும் அது ஒரே பதிலைத்தான் சொல்லும்: “எய் பெசே!” குளிக்கமாட்டேன் என்று அர்த்தம். அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் தந்திகளை ஒருமுறை வாரி இழுப்பார். பிள்ளைகள் கூரை அதிரக் கத்துவார்கள். தமிழ் மேசையில் பல் விளக்கும் புத்தகங்களோடு காவலுக்கு இருந்த ஸ்ரீஸ்கந்தராசாவின் சொந்த மகள் நிலாணியும் அந்தக் கூட்டத்தில் நின்று கத்தினாள்.

வேறு யாராக இருந்தாலும் பொறாமைப்பட்டிருப்பார்கள். ஸ்ரீஸ்கந்தராசாவும் பட்டார். ஆனால் அவருக்குப் பொறாமையை ஆராய்ச்சியாக மாற்றத் தெரியும். அந்த வாத்தியத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். கன்னெல் என்று லைனே சொன்னார். ஸ்ரீஸ்கந்தராசாவோ அதைப் பார்த்த கணத்திலேயே யாழ் என்று முடிவு செய்துவிட்டார். எஸ்தோனிய மொழியில் தாயை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். ‘எமா’ என்றார் லைனே. அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? யாழும் அம்மாவும் இருக்கும் நாடு, ஏதோ ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து விலகி மிதந்து போன துண்டாகத்தான் இருக்கவேண்டும். அன்றே, அந்த இடத்திலேயே, பொரியைத் தமிழில் கொண்டுவரும் பொறுப்பைப் பேரவை ஏற்கும் என்று அறிவித்தார். லைனேயின் கண் கலங்கிவிட்டது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த முழுக்கதையையும் அடுத்த வாரமே கொண்டுவந்து கொடுத்தார்.

கதை இதுதான். பொரி வாழும் ஊரில் எல்லோரும் பாடகர்கள். பெரிய பாட்டுத் திருவிழாவுக்குத் தயாராகிறார்கள். பொரிக்கும் பாட ஆசை. குளித்துவிட்டு வா என்கிறார் குழுத் தலைவர். எய் பெசே. அதை விட்டுவிட்டுப் போகிறார்கள். திருவிழாவில் ஓர் அதிகாரி மேடையேறிப் பேசத் தொடங்குகிறார். பேசுகிறார், பேசுகிறார், சனம் வெயிலில் மயங்கி விழுகிறது. பாட்டுக்கு முறை வரவேயில்லை. அப்போது பொரி நடந்து வந்து மேடைக்குப் பின்னால் நின்று, நிம்மதியாக ஒரு குசு விடுகிறது. அதிகாரி ஓடிவிடுகிறார். சனம் பாடுகிறது. பொரி காற்று வீசும் பக்கம் பார்த்துத் தள்ளி நின்று அடிக்குரலில் சேர்ந்து பாடுகிறது. கடைசி வரைக்கும் குளிக்கவேயில்லை.

ஸ்ரீஸ்கந்தராசா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். பொரி என்பது கோயிலில் கொடுக்கும் பொருள், ஒரு பூதத்துக்கு அந்தப் பெயர் ஆகாது. தூயமணி என்று மாற்றினார். அதிகாரியைக் கேலி செய்வது பெரியோரை அவமதிப்பது. அந்தப் பக்கத்தை வெட்டினார். குசுவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மிஞ்சிய கதைக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. எனவே பூதம் தன் தவறை உணர்ந்து, சவர்க்காரம் போட்டுக் குளித்து, நாள்தோறும் படித்து, டொக்டராகியது.

“இஞ்சருங்கோ, குளிக்காததுதானே கதை?” என்றாள் ரதி, தட்டுவதை நிறுத்தி.

“இது வெள்ளைக்காரப் பிள்ளையளுக்குச் சரி. எங்கட பிள்ளையள் ஊத்தையாத் திரியவோ நாங்கள் எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள்? நீர் தட்டும்.”

ரதி தட்டினாள். ஆனால் ஆங்கிலக் கதையை எடுத்து வைத்துக்கொண்டு, நிலாணிக்கு உள்ளபடியே வாசித்துக் காட்டினாள். நிலாணி அதைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோனாள். இலக்கணம் நுழைய மறுத்த அந்த வகுப்பில் பொரி மட்டும் ஒரே வாரத்தில் எல்லோர் தலைக்குள்ளும் புகுந்துகொண்டது.

வெளியீட்டு விழா வசந்த காலத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. ‘பாடி விடுதலை பெற்ற இனத்தின் பாவலர் வருகிறார்’ என்று துண்டுப்பிரசுரம் அடித்து, கடைகடையாக ஒட்டியிருந்தார்கள். எஸ்தோனியர்கள் எண்பதுகளின் முடிவில் இலட்சக்கணக்கில் கூடிப் பாடிப் பாடியே தங்கள் நாட்டை மீட்டார்கள் என்பதை அமிர்தநாதர் எங்கோ வாசித்திருந்தார். விழா தொடங்குமுன் லைனேயிடம், அந்தக் கூட்டத்தில் சிறப்புரை ஆற்றியது யார் என்று விசாரித்தார். உரை முக்கியமில்லை, சனம் பாட்டுக்காகத்தான் வந்தது என்றார் லைனே. உரையில்லாமல் ஒரு நாடு விடுதலை பெறலாம் என்பதை அமிர்தநாதர் கடைசிவரை நம்பவில்லை.

லைனே தன் பாடற்குழுவையும் அழைத்து வந்திருந்தார். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். தேசிய உடையில், கம்பளிப் பாவாடையும் தொப்பியுமாக, முன்வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தார்கள். மங்கல விளக்கை ஏற்றுவதற்குப் பிரமுகர்கள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டார்கள். விளக்கில் திரி போதாமல் போயிற்று. பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, ஆசியுரை, தலைமையுரை. லைனேக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு இரண்டு போர்த்தினார்கள். பாடற்குழுவில் ஒரு கிழவர் நித்திரையாகி, பக்கத்திலிருந்தவர் தோளில் சாய்ந்தார்.

ஆய்வுரைக்கு அமிர்தநாதர் எழுந்தார். சங்க காலத்தில் சிறுவர் இருந்தார்களா என்ற கேள்வியோடு தொடங்கினார்.

சங்க காலம் முடிவதற்குள் பின்வரிசையில் இருந்த சிறுவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. நிலாணியும் அவள் வகுப்பாரும் மெல்லத் தொடங்கினார்கள்: “எய் பெசே, எய் பெசே.” சத்தம் வரிசை வரிசையாக முன்னே வந்தது. முன்வரிசையில் எஸ்தோனியக் கிழவர்கள் தங்கள் மொழியைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அமிர்தநாதருக்கும் அது கேட்டது. அவர் காதில் “ஏய், பேசே” என்று விழுந்தது. மரியாதை சற்றுக் குறைவுதான். ஆனாலும் இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் தன்னைத் தமிழில் பேசச் சொல்லிக் கேட்பதை அவர் வாழ்நாளில் இதற்கு முன் கண்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சுருக்கமாக முடிக்க இருந்த உரையை மறுபடியும் முதலிலிருந்து விரித்தார்.

அந்த இடைவெளியில்தான் லைனே தன் கையிலிருந்த தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தார். எழுத்து அவருக்குத் தெரியாது. படம் தெரிந்தது. கடைசிப் பக்கத்தில் வகிடெடுத்துத் தலைவாரிய ஒரு வெள்ளைக் கோட்டுப் பையன், கழுத்தில் இதயத்துடிப்புக் கேட்கும் குழாயோடு சிரித்துக்கொண்டிருந்தான். இது யார் என்று பக்கத்திலிருந்த ரதியிடம் கேட்டார்.

ரதிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை. பேரவையின் செயலாளருக்கு அது தெரியாமல் முடியாது. ஆனால் அன்று காலை தொடக்கம் வடை சுட்டு, கதிரை அடுக்கி, அவள் களைத்திருந்தாள். அதனால் உண்மையைச் சொல்லிவிட்டாள். லைனே புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். 

அவருடைய முறை வந்தபோது மைக்குக்கு முன்னால் நின்று, ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஸ்ரீஸ்கந்தராசா பக்கத்தில் நின்றார், தமிழாக்குவதற்கு.

“இந்தப் புத்தகம் என் நாட்டில் முதலில் வந்தபோது தணிக்கை அதிகாரி ஒருவர் இருந்தார். சோவியத் பிள்ளை அழுக்காக இருக்கக்கூடாது என்று அவர்தான் பொரியைக் குளிப்பாட்டினார். பிறகு டிராக்டர் ஓட்டுநராக்கினார். நாடு விடுதலையான பிறகுதான் பொரி திரும்பவும் சேற்றுக்குப் போனான். இங்கே உங்கள் தலைவர் அவனை மறுபடியும் குளிப்பாட்டியிருக்கிறார். ஒரு வித்தியாசம் உண்டு. அந்த அதிகாரிக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.”

சொல்லிவிட்டு அவர் ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்துத் தலையசைத்தார். உங்கள் முறை என்பது போல.

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருந்தது. மண்டபம் முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொன்னாடைகள் இரண்டும் ஒரேயடியாகக் கனத்தன. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அம்மையார் கூறுகிறார்,” என்று தொடங்கினார், “மாபெரும் சோவியத் அரசின் அதிகாரிகள் செய்த பதிப்புக்கு நமது தமிழ்ப் பதிப்பு எந்த வகையிலும் குறைந்ததல்ல. அவர்கள் சம்பளம் பெற்றுச் செய்த பணியை நாம் தொண்டாகவே செய்திருக்கிறோம்.”

சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் பொய் ஒன்றுமில்லை. மண்டபம் கைதட்டியது. பெரியவர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். பின்வரிசையில் மட்டும் சிரிப்பு வெடித்தது. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதைப் பேரவை எப்போதும் பெருமையோடு குறிப்பிட்டு வந்தது. அதன் தீமையை அன்றுதான் கண்டது.

பிறகு பாடற்குழு மேடையேறியது. நித்திரையான கிழவரை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். லைனே கன்னெலை மீட்ட, முதலில் மெல்லிய ஒரு பாட்டைப் பாடினார்கள். அந்தக் கிழட்டுத் தொண்டைகளிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. மண்டபத்து வாசலில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றவர்கள் கோப்பையோடு உள்ளே வந்தார்கள். அடுத்தது பொரியின் பாட்டு. பிள்ளைகள் கேட்டுக் கேள்வியில்லாமல் மேடைக்கு ஓடினார்கள். எய் பெசே என்று முழுமண்டபமும் அதிர்ந்தது. எஸ்தோனிய மொழியில் பேசு என்பதற்குப் பேசே என்பதுதான் சொல் என்று அமிர்தநாதர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். அதைப் பற்றி இலவசப் பத்திரிகை ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை பின்னர் இரண்டு வாரம் தொடர்ந்து வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் ஸ்ரீஸ்கந்தராசா கேட்டார்: “அவ சொன்னது சனத்துக்கு விளங்கினதோ?”

“விளங்கினவைக்கு விளங்கினது.”

“ஆருக்கு?”

“சின்னனுகளுக்கு,” என்றாள் ரதி. “நீங்கள் ஆருக்கு எழுதுறனீங்கள்?”

அதற்குப் பிறகு அவர் வானொலியைப் போட்டார்.

லைனே தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாமல், கதை திருத்தப்படும் வரைக்கும் புத்தகத்தை யாருக்கும் கொடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஸ்ரீஸ்கந்தராசா பண்பாடு பற்றி நீண்ட விளக்கம் கொடுத்தார். லைனே முழுவதையும் கேட்டுவிட்டு, தணிக்கை அதிகாரியின் விளக்கம் இவ்வளவு நீளமாக இருக்கவில்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். புத்தகத்தை நிறுத்த ஸ்ரீஸ்கந்தராசா சம்மதிக்கவில்லை. நிறுத்தத் தேவையும் இருக்கவில்லை. அது தானாகவே கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

மறுபடியும் இலையுதிர் காலம் வந்தது, நூலகத்தில் புத்தக நாளும் வந்தது. இந்த முறை எஸ்தோனிய மேசையை மண்டபத்தின் மறுகோடியில் போட்டிருந்தார்கள். தமிழ் மேசையில் தூயமணி அடுக்கடுக்காக இருந்தது. பொரியின் புத்தகம் தமிழில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு சின்னப்பெண் வந்தாள். கோபிகா என்று பெயர், முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. தாய் எழுத்துக்கூட்டப் பழக்கியிருக்கவேண்டும், முதல் பக்கத்தை விரல் வைத்து வாசித்தாள். ஸ்ரீஸ்கந்தராசாவின் புத்தகத்தை ஒரு பிள்ளை தானாக எடுத்து வாசிப்பதை அவர் அன்றுதான் கண்டார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார். அவள் பக்கங்களைப் புரட்டிக் கடைசிப் படத்துக்கு வந்தாள். 

“அங்கிள், வை டிட் யூ வாஷ் ஹிம்?” என்று கேட்டாள்.

சுகாதாரம் என்றார் அவர். நல்ல பிள்ளைகள் குளிக்கவேண்டும் என்றார்.

“நான் குளிக்கிறனான்தானே,” என்றாள் கோபிகா. “அவன் ஏன் குளிக்கோணும்?”

பிசிறு பிடித்த உருப்படியை அவர் பட்டியிலிருந்து எடுத்து அப்பால் வைப்பது போல, அவள் கோபமில்லாமல், புத்தகத்தை மூடி மற்றப் புத்தகங்களிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, மறுகோடி மேசையைத் தேடிப் போனாள். அவளுக்குச் சொல்ல ஒரு பதில் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் இருந்திருக்கவேண்டும். மாலைவரைக்கும் தேடினார். பேரவையின் விதிகளை எழுதிய யாப்பில்கூட அது இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் ரதியிடம் அந்த ஆங்கிலக் கதையைக் கேட்டார். சிவப்புப் பேனா இல்லாமல் அதை வாசிப்பது அவருக்கு அதுவே முதல்தடவை. ரதி குசினியில் கறிக்கு அரிந்துகொண்டிருந்தபோது, முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. புரைக்கேறிவிட்டது என்று தண்ணீரோடு ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதிகாரி பேசிப் பேசிச் சனத்தை மயக்கும் பக்கத்தை விரித்து வைத்திருந்தார். இது அப்படியே அமிர்தநாதர் என்றார். நடை, செருமல், கண்ணாடி துடைப்பது எல்லாம் அச்சொட்டாக இருக்கிறதாம். அந்த அதிகாரியில் அவர் தன்னைக் காணவில்லை. நல்ல இலக்கியம் எல்லோரையும் காட்டும், வாசிக்கிறவரை மட்டும் விட்டுவிடும்.

புதிய மொழிபெயர்ப்பு தொடங்கியது. அவர் எழுதுவார், ரதி வெட்டுவாள். பொரி என்ற பெயர் திரும்பி வந்தது. அதிகாரி வந்தார். ஆனால் மேடைக்குப் பின்னால் பூதம் செய்த காரியத்தில் வேலை நின்றுவிட்டது. ‘அபான வாயு வெளிப்பட்டது’ என்று எழுதியிருந்தார் ஸ்ரீஸ்கந்தராசா.

“எந்தப் பிள்ளை அபான வாயு விடுறது?” என்றாள் ரதி.

“அச்சிலை அந்தச் சொல்லைப் போடேலாது.”

“அப்ப அதிகாரியும் மேடையை விட்டு ஓடமாட்டார். இருந்து பேசட்டும்.”

இரண்டு நாள் அதிகாரி மேடையிலேயே நின்றார். மூன்றாம் நாள், வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, சரி போடும் என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. ரதி ஒரு கணமும் தாமதிக்காமல் தட்டினாள். நிலாணியையும் அவள் சிநேகிதிகளையும் இருத்தி வைத்து அந்தப் பக்கத்தை வாசித்தபோது, ரதி கூப்பிட்டு லைனேயும் வந்திருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிள்ளைகள் விழுந்து புரண்ட இடத்தைப் பார்த்து, தன் பிரதியில் விரல் வைத்து, சரியான வரிதான் என்று தலையாட்டினார்.

இரண்டாம் பதிப்புக்கு முன்னுரையை ஸ்ரீஸ்கந்தராசா யாரிடமும் காட்டாமல் தானே எழுதி, தானே அச்சகத்துக்குக் கொண்டுபோனார். அச்சகம் பஸ்ரியனுடையது, முதற்பதிப்பையும் அச்சடித்தவன் அவன்தான். கல்யாண அட்டைகளுக்கு நடுவே நின்று அவன் முன்னுரையை வாசித்தான். தமிழுக்கும் எஸ்தோனிய மொழிக்கும் உள்ள தொப்புள்கொடி உறவு பற்றி ஒரு பக்கம் இருந்தது. அதன் கீழே இப்படி ஒரு குறிப்பு: ‘முதற்பதிப்பில், அச்சகத்தாரின் கவனக்குறைவால், பூதம் குளித்துவிட்டது. வாசகர்கள் பொறுத்தருள்க.’

பஸ்ரியன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு நிமிர்ந்தான். “அண்ணை, நானோ குளிப்பாட்டினனான்?”

ஸ்ரீஸ்கந்தராசா அவன் தோளில் கை வைத்தார். “தம்பி, இலக்கியத்திலை உப்பிடித்தான். நாங்கள் ஆரும் தனிப்பட எடுக்கக்கூடாது.”